எஸ்தர் கடை கம்ப்யூட்டரும் அஞ்சலையின் விரலும்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரை இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் என்று போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். எல்லாம் போன வாரம்தான். என் வீட்டு மிக்சியை நானே பிரித்து மாட்டிய கதையைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எஸ்தரின் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம்... எல்லாமே ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரை நம்பித்தான். காலையில் அதை ஆன் செய்து, திரை வந்ததும் எஸ்தர் கண்ணை மூடி ஜெபம் செய்வார். நிதானமான, நீளமான ஜெபம். வாசலில் எத்தனை பேர் நின்றாலும் சரி, ஆமென் சொல்லாமல் மவுசில் கை வைக்க மாட்டார்.

"கம்ப்யூட்டருக்குமா ஜெபம்?" என்று கேட்டேன்.

"ஜெபம் பண்ணாம தொட்டா ரேகை மிஷின் எடுக்காது சார். ரெண்டு மூணு வாட்டி பார்த்துட்டேன்."

ரேகை மிஷின் என்பது, விரலை வைத்தால் ஆதாரோடு சரிபார்க்கும் சின்னக் கருவி. அதற்கும் ஜெபத்துக்கும் என்ன சம்பந்தம்? சிரித்துவிட்டேன். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

"இது எழுந்து உட்காரவே பத்து நிமிஷம் ஆகுதேம்மா. நகருங்க, நான் சரி பண்றேன்," என்றேன்.

ஒரு கம்ப்யூட்டர் எப்படிக் கண் விழிக்கிறது, தெரியுமா? சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுவது உள்ளே ஒரு ஓரத்தில் இருக்கும் குட்டி புரோகிராம். மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று ஒரு சுற்று பார்க்கும். பிறகு ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தட்டி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சிஸ்டம் எழுந்ததும் தன் ஆட்களைக் கூப்பிடும். பிரிண்டரைக் கவனிக்க ஒருவர், நெட்டைக் கவனிக்க ஒருவர், கடிகாரத்துக்கு ஒருவர்... இவர்களுக்குத்தான் சர்வீஸ் என்று பெயர். திரையில் முகம் காட்டாமல் பின்னாலிருந்தே வேலை பார்ப்பவர்கள். சிலர் தானாக எழுவார்கள். சிலர் கூப்பிட்டால் மட்டும் வருவார்கள்.

அந்தப் பட்டியலைத் திறந்தேன். சிஸ்டத்தின் சொந்த சர்வீஸ்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், வெளியாட்களே ஏகப்பட்ட பேர். எந்தக் காலத்திலோ எந்த பிரிண்டரோடோ வந்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள். பாதிப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் ஒன்றும் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? கீழே 'டிசேபிள் ஆல்' என்று ஒரு பட்டன் இருந்தது. தட்டினேன்.

ரீஸ்டார்ட் செய்தால் - இரண்டே நிமிடம். எஸ்தருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஒரு இஞ்சி டீ.

மறுநாள் மதியம் மறுபடி போனேன். டீக்காக அல்ல, பாராட்டுக்காக. கடையில் ஒரு அம்மா புடவைத் தலைப்பில் கட்டை விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெயர் அஞ்சலை, பிரம்மதேசத்துக்காரர். மகளுக்கு விழுப்புரம் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. விடுதிக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. அம்மாவின் ஆதாரைச் சரிபார்க்க வேண்டும். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் எப்போதோ போய்விட்டதால் ஓடிபி வராது. ரேகை ஒன்றுதான் வழி. விடுதி கிடைக்காவிட்டால் தினமும் போகவர இரண்டிரண்டு பஸ். "அவ்ளோ தூரம் தெனிக்கும் அனுப்ப மாட்டேன்னு அவங்க அப்பா சொல்லிட்டாருங்க," என்றார் அஞ்சலை.

விரலை வைத்தார். 'ஃபெயில்டு' என்றது திரை. மறுபடி வைத்தார். ஃபெயில்டு. இடது கை. ஃபெயில்டு. குழாயடியில் கழுவிக்கொண்டு வந்தார். எஸ்தர் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டார். அப்போதும் ஃபெயில்டு.

"வெரலு தேஞ்சி போச்சிங்க. மல்லாட்டைக் கொல்லியில களை புடுங்கிக்கினே கெடக்கறன் இல்ல... என்னாலதான் பொண்ணு படிப்பு நிக்கப்போவுது," என்றார். அழவில்லை. ஏதோ எங்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்.

நிலக்கடலைக் கொல்லையில் களை பிடுங்கித் தேய்ந்த விரல்தான் என்று நானும் பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டினேன். "கூலி வேலை செய்றவங்களுக்கு இந்தத் தொல்லை உண்டும்மா," என்று ஆறுதல் வேறு.

எஸ்தர் தன் கட்டை விரலை எடுத்து மிஷின்மேல் வைத்தார். ஃபெயில்டு.

"நான் களை புடுங்கல சார்," என்றார். பிறகு என்னையே பார்த்தார். "நேத்து என்னா பண்ணீங்க?"

பட்டியலைத் திறந்தேன். வாயில் நுழையாத பெயர்களில் ஒன்று அந்த ரேகை மிஷினுடைய ஆள். நான் ஒரே தட்டில் வேலையை விட்டு நிறுத்தியவர்களில் ஒருவர். அவரை மட்டும் எழுப்பிப் பார்த்தேன், எழவில்லை. அவர் இன்னொருவரை நம்பி இருக்கிறார். அவரையும் நான்தான் நிறுத்தியிருக்கிறேன். வேறு வழியில்லாமல் 'எனேபிள் ஆல்' என்பதைத் தட்டி ரீஸ்டார்ட் கொடுத்தேன். மணி நாலே கால்.

மறுபடி அதே பத்து நிமிடம். அதற்குள் அந்த சர்வீஸின் விவரத்தை என் போனில் தேடிப் படித்தேன். அது தானாக எழும் ரகம்தான். ஆனால் மற்றவர்கள் எல்லாம் எழுந்து, சிஸ்டம் கொஞ்சம் மூச்சு விட்டபிறகு, ஓரிரு நிமிடம் தாமதித்து எழும். முன்னாடியே தொட்டால் மிஷின் எடுக்காது.

எஸ்தரின் ஜெபமும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். நான் மூடநம்பிக்கை என்று சிரித்த விஷயத்தை, அவர் பார்த்துப் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறார்.

திரை வந்தது. எஸ்தர் கண்ணை மூடினார். அஞ்சலையும் நெற்றித் திருநீற்றோடு கண்ணை மூடிக்கொண்டார். நான் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆமென்.

அஞ்சலை விரலை வைத்தார். பச்சை டிக். முதல் தடவையிலேயே.

விண்ணப்பத்தை அனுப்பி, ரசீதை அச்சடித்துக் கையில் கொடுத்தோம். அஞ்சலை ரசீதைப் பார்க்கவில்லை, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ என் வெரலு நல்லாத்தான் கீதுங்களா?"

"உங்க விரல் நல்லாத்தான் இருக்கும்மா. என் விரல்தான் சரியில்ல," என்றேன். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த எஸ்தர் அப்போதுதான் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று. தப்பு செய்த நான் ஆறுதல் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். தப்பே செய்யாத அம்மா மன்னிப்புக் கேட்கிறார். யார் கண்ணிலும் படாமல் வேலை பார்க்கிறவர்கள் சும்மா இருப்பதாக நாம் எத்தனை சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம்? ஆபீஸில், வீட்டில், மிக்சிக்குள்ளேகூட...

நேற்று அந்தப் பக்கம் போனேன். மானிட்டரில் எஸ்தர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'ஜெபம் முடியும்வரை யாரும் தொடக்கூடாது. முடிந்த பிறகும் சார் தொடக்கூடாது.'