மணப்பெண் கிடைக்காத சபை

அப்பா கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது, பர்மாவில், யாங்கோனின் போட்டாதாங் பகுதி வீட்டில் நாங்கள் டிவியை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். அவர் ஒரு மதத்தோடு வந்து இறங்கினார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்துவிட்டாராம். அடுத்த மாதமே அம்மா, அக்கா, நான் மூவரையும் படகுத்துறைக்கு அழைத்துப் போய்த் தண்ணீரில் முக்கி எடுத்தார். யாரோ மூழ்குகிறார்கள் என்று படகுக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

யாங்கோனில் எங்களைப் போல இன்னொரு தமிழ்க் குடும்பம் இருந்ததாகத் தெரியவில்லை. ஞாயிறு ஆராதனை எங்கள் முன்னறையில் நடந்தது. அப்பா போதகர், நாங்கள் மூன்று பேரும் திரள் கூட்டம். தெருவுக்கு நாலு டீக்கடை இருந்த ஊரில் மோர்மன்களான எங்களுக்கு டீ கூடாது. அப்பாவுக்குக் குடல்புண் என்று முடிவுகட்டிய பக்கத்து வீட்டுக்காரர்கள் கஞ்சி கொடுத்தனுப்பினார்கள்.

நண்பர்களுக்குச் சினிமா நடிகைகளைப் பார்த்தால் வந்த படபடப்பு, எனக்குப் பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பரைப் பார்த்தால் வந்தது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. "என்னை மாத்திடு ஆண்டவரே" என்று தினமும் முழங்காலில் நின்றேன். முழங்கால்தான் மாறியது, காய்த்துப் போனது.

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது அப்பா பெண் பார்க்க ஆரம்பித்தார். சபைக்குள்தான் பெண் எடுக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சபையில் கல்யாணமாகாத பெண் ஒருத்திதான், அவள் என் அக்கா. பக்கத்து ஊரான த்வாண்டேயிலிருந்து ஒரு இந்துப் பெண்ணின் ஜாதகம் வந்தது.

"அவங்க வீட்டுல டீ குடிப்பாங்க" என்று திருப்பி அனுப்பினார் அப்பா.

நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். ஆறு வருடம் என்னைக் கல்யாணத்திலிருந்து காப்பாற்றியது அப்பாவின் பக்திதான்.

ஏழாவது வருடம் அவர் இறங்கி வந்தார். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தன்லியினில் ஒரு கத்தோலிக்கப் பெண், மதம் மாறவும் டீயை விடவும் சம்மதித்துவிட்டாள். எனக்கு வேறு வழியில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம் இருந்து, ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வோம். அன்று நான் எழுந்தேன்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். எனக்கு ஆம்பளைங்களத்தான் புடிக்கும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்" என்றேன். பழக்கதோஷத்தில், "இயேசுவின் நாமத்தில், ஆமென்" என்று முடித்தேன்.

"ஆமென்" என்றார்கள் மூவரும். அப்பாவின் குரல்தான் கணீரென்று கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர் முகம் மாறியது.

என்னை விசாரிக்க மூன்று ஆண்கள் வேண்டும் என்றது சபைக் கையேடு. இருந்தது இரண்டு பேர், அதில் ஒருவன் குற்றவாளி. விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் ஆராதனையில் பகிரும் அப்பமும் தண்ணீரும் எனக்கு இல்லை என்றார் அப்பா. அவர் என்னோடு பேசுவதும் நின்றது.

நானும் ஆராதனைக்குப் போகவில்லை. தன்லியின் போய் அந்தப் பெண்ணிடம் நானே உண்மையைச் சொன்னேன். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ரெண்டு வாரமா டீயில்லாம தலவலி" என்று திட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

திரும்பும் பஸ் பாலத்தில் வெகுநேரம் நின்றது. நசுங்கியபடி நின்ற நான், என்னையறியாமல் ஜெபிக்கத் தொடங்கினேன். மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. நடந்ததையெல்லாம் கூட இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னேன். பதில் எதுவும் வரவில்லை. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார். பதின்மூன்று வருடம் முழங்காலில் நின்றும் கிடைக்காதது அது.

அடுத்த ஞாயிறு முன்னறையில் போய் உட்கார்ந்தேன்.

"எதுக்கு வந்தே?" என்றார் அப்பா.

"ஜெபம் பண்ண வந்தேன். ஒங்களுக்காக வரல."

அவர் பாட்டுப் புத்தகம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். அப்பத் தட்டு என்னைத் தாண்டி அம்மாவிடம் போனது. அம்மா தன் துண்டைப் பிய்த்துப் பாதியை என் உள்ளங்கையில் வைத்து, "யபாதே, சாப்புடு" என்றாள். பரவாயில்லை என்பதை அவள் எப்போதும் பர்மியத்தில்தான் சொல்வாள்.

அப்பா அதைப் பார்த்தார். தடுக்காமல், அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.