இல்லாத பிரேக்

அவரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் அவரைப் பிரேக் டீச்சர் என்பார்கள். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருடத்தில் எந்த மாணவரிடமும் அவர் கத்தியதில்லை. ஆபத்து தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு காலை அழுத்துவார். வாய்க்கு ஓய்வு, காலுக்கு வேலை. வீட்டில் மட்டும் வாய்க்கு ஓய்வே இல்லை என்பது அவர் கணவரின் புகார்.

அன்று வீட்டுக் காரை மகள் ஓட்டினாள். அம்மாவிடமே கற்று லைசென்ஸ் வாங்கிய கையோடு அவளுக்கு நர்ஸ் வேலையும் கிடைத்திருந்தது. ஊருக்கு வெளியே, பஸ் போகாத ஆஸ்பத்திரி. இனி தினமும் அவளே ஓட்டிப் போயாக வேண்டும். வழி பழகட்டும் என்று டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு கேட்டுக்குள்ளிருந்து வேன் பின்பக்கமாக வெளியே வருவதை அவர்தான் முதலில் பார்த்தார். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பழக்கதோஷம், காலை ஓங்கி அழுத்தினார். காலுக்கடியில் வெறும் விரிப்புதான் இருந்தது.

டயர் கிறீச்சிட்டது. கார் வேனின் பின்புறத்தில் முட்டி நின்றது. பம்பர் நசுங்கி, ஒரு விளக்கு உடைந்தது.

"எஞ்சினை ஆஃப் பண்ணு. நாலு இண்டிகேட்டரையும் போடு. எங்கயாவது வலிக்குதா?"

மகள் இல்லையென்று தலையாட்டினாள்.

வேன்காரர் சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். டீச்சர் முந்திக்கொண்டு, "உங்களுக்கு அடி எதுவும் படலையே? கழுத்து வலிக்குதாங்க?" என்று கேட்டார். மனிதர் கழுத்தைத் தடவிப் பார்த்ததில், கொண்டுவந்த கோபம் போன இடம் தெரியவில்லை. டீச்சர் இரண்டு வண்டிகளையும் நின்ற நிலையிலேயே படம் பிடித்தார். போலீசுக்கும் இன்சூரன்சுக்கும் சொல்லியாயிற்று. யார்மேல் தப்பு என்ற பேச்சை மட்டும் அவர் நடுத்தெருவில் எடுக்கவில்லை. எல்லாம் முடிந்து வேன் போனபிறகு, குனிந்து காருக்கடியில் எதுவும் ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒழுகவில்லை.

மகள் நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். "இனிமே நான் வண்டியத் தொடமாட்டேம்மா. வேலை வேண்டாம்னு சொல்லிடறேன்."

டீச்சர் கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேனை நான் முன்னாடியே பார்த்துட்டேன். உங்கிட்ட சொல்லாம காலை அழுத்தினேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ நான் கத்துக்கிட்டப்பவும் நீதான் பிரேக் போட்டியா? நான் ஓட்டவே இல்லையா?"

பெற்ற பெண்ணிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "நிறைய தடவை போட்டிருக்கேன். ஆனா இன்னிக்கு என் காலுக்கடியில ஒண்ணுமே இல்லடி. வண்டி நின்னுச்சே, யாரு நிறுத்தினா?"

மகள் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். பிறகு எழுந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

"நீ பின்சீட்ல உட்காரும்மா."

டீச்சர் பின்னால் ஏறி, காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.