ராஜஸ்தான் வெயிலில் நிஜாமும் நானும்

பாலைவனத்தில் பூ வாசம் வந்தால் பயப்பட வேண்டும். ராஜஸ்தானில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சொன்ன முதல் விஷயமே அதுதான்.

அங்கே பூவே கிடையாது. குழாயில் ஓடும் எண்ணெய்க்குத்தான் அந்த வாசம்... வாடிய ரோஜாவோடு ஏதோ மருந்தைக் கலந்த மாதிரி. அது மூக்கில் ஏறினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

நானும் நிஜாமும் காரைக்காலில் ஒரே கல்லூரி. படிப்பு முடிந்ததும் அவன் வாப்பா அவனை வளைகுடாவுக்குக் கூப்பிட்டார். "ஊரே அங்கதான் போவுது. நான் வெயில்லேந்து கரண்டு எடுக்கப் போறேன் மாப்ள" என்று சொல்லிவிட்டு என்னோடு ரயில் ஏறிவிட்டான்.

இப்போது வீட்டு மாடியில் வைக்கிறோமே, அந்த சோலார் பேனல் இல்லை எங்கள் பிளான்ட்டில். ஆளைவிட உயரமான, தொட்டி போல வளைந்த கண்ணாடிகள். வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. காலையில் கிழக்கே பார்க்கும், சூரியனோடு மெல்லத் திரும்பி சாயங்காலம் மேற்கே பார்க்கும். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரு குழாய். விழுகிற வெயிலெல்லாம் அந்தக் குழாயில் குவிந்து, உள்ளே இருக்கும் எண்ணெய் கிட்டத்தட்ட நானூறு டிகிரி வரை காயும். அந்தச் சூட்டில் தண்ணீர் நீராவியாகும், நீராவி டர்பைனைச் சுற்றும், கரண்ட் வரும்.

நிலக்கரி இல்லை, புகை இல்லை. ஒரு மேகம் கடந்து போனாலும் எண்ணெயில் சூடு மிச்சம் இருப்பதால் டர்பைன் உடனே நின்றுவிடாது. அதைப் பார்க்க எங்களுக்கு அவ்வளவு பெருமை...

நான் கன்ட்ரோல் ரூமில். நிஜாம் வெளியே, குழாய்களோடு.

ஒருநாள் சாப்பிடும்போது, "இத நம்ம பட்டினச்சேரி பக்கம் வச்சா என்ன?" என்று கேட்டான். பதிலும் அவனே சொன்னான். "முடியாதுல்ல. கடக்காத்து, ஈரம்... வெயிலு செதறிடும். இதுக்கு நேரா விழுற வெயில்தான் வேணும்."

அந்த நேர் வெயில் ராஜஸ்தானிலும் நினைத்த அளவு கிடைக்கவில்லை. காற்றில் எப்போதும் புழுதி. கண்ணாடியில் படியும். கழுவத் தண்ணீர் வேண்டும், நீராவியைக் குளிர வைக்கவும் தண்ணீர் வேண்டும். குடத்தோடு நடந்து போகும் கிராமத்துப் பெண்களை எங்கள் தண்ணீர் லாரி தாண்டிப் போகும்போது நிஜாம் தலையைக் குனிந்துகொள்வான்.

பகல் சூட்டை உருக்கிய உப்பில் சேர்த்து வைத்து, இருட்டிய பிறகும் கரண்ட் எடுக்கும் தொட்டிகள் சில இடங்களில் உண்டு. எங்களிடம் அதுவும் இல்லை.

பக்கத்து நிலத்தில் சாதாரண பேனல்கள் வந்தன. கட்டும் செலவும் குறைவு, பார்த்துக்கொள்ள ஆளும் குறைவு. எங்கள் நிர்வாகம் ரிப்பேர் வேலைகளைத் தள்ளிப்போட ஆரம்பித்தது. ஒரு குழாய் இணைப்பு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று நிஜாம் திரும்பத் திரும்பச் சொன்னான். மேனேஜர் ஒவ்வொரு முறையும் அடுத்த மாதம் என்றார்.

ஒரு காலையில் வாக்கி டாக்கியில் அவன் குரல்.

"மாப்ள, வாசம் வருது. கண்ணாடியத் திருப்பு!"

திருப்பினேன். வெயிலைத் திருப்பிவிடலாம், எண்ணெயில் ஏறிய சூடு உடனே இறங்காதே. அவன் வால்வை மூடப் போயிருக்கிறான், அதற்குள் இணைப்பு விட்டுவிட்டது. நான் ஓடிப்போனபோது வெள்ளைப் புகைக்கு வெளியே மணலில் உட்கார்ந்திருந்தான். வலது கை, கழுத்து, முகத்தில் ஒரு பக்கம்...

ஆஸ்பத்திரியில் அவன் சொன்னது ஒன்றுதான். "உம்மாட்ட சொல்லாத. கால் தடுக்கி உளுந்துட்டேன்னு சொல்லு."

உம்மா போன் செய்தார். அவனிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"கொரலு சரியில்லையே தம்பி. நீங்களாவது உள்ளதச் சொல்லுங்க."

சொன்னேன். "உசுருக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல்கள்தான் முழுதாக மடங்கவில்லை. அவன் ஊருக்குத் திரும்பிய பிறகு பிளான்ட்டையும் மூடிவிட்டார்கள். கடைசி நாளில் எல்லாக் கண்ணாடிகளையும் தரையைப் பார்க்கத் திருப்பி வைத்தவன் நான்தான். அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

இப்போது காரைக்கால் கோவில்பத்தில் இருக்கிறேன். மாடிகளில் பேனல் மாட்டும் வேலை. நிஜாம் டவுனில் அவன் மச்சானின் துணிக்கடையில் இருக்கிறான். வெந்த தோலில் வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அஸர் தொழுகை முடிந்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் தெருவில் இறங்குவான்.

போன வாரம் அவன் வீட்டு மாடியிலேயே பேனல் மாட்டினேன். சத்தம் இல்லை, சூடான எண்ணெய் இல்லை, பக்கத்தில் நிற்க ஒரு ஆள்கூட வேண்டாம். ராஜஸ்தானில் தலையில் ஒரு துண்டுகூட இல்லாமல் வெயிலில் திரிந்தவன், "ஏசியிலயே குந்தியிருக்கியே, வெளிய வாடா" என்று என்னைக் கிண்டல் செய்தவன்... படிக்கட்டில் நிழல் முடியும் இடத்தில் நின்றுகொண்டான்.

"வெயிலு எப்படி மாப்ள?"

"நல்லா அடிக்குதுடா."

"சரி சரி. பொழுது சாஞ்சதும் ஏறி வந்து பாக்குறேன்."

பொழுது சாய்ந்த பிறகு பேனலில் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. அது அவனுக்கும் தெரியும்.

"வாடா, பாக்கலாம்" என்றேன்.