செருப்புக்குக் காவல்

இன்று காலை புத்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ். பக்கத்தில் ஓர் அம்மாவும் மகளும். பெண்ணுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். இரண்டு கால்களிலும் நடக்க உதவும் இரும்புக் காலிப்பர்.

எங்கே போகிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன்.

"மனசுக்குப் பாக்கற டாக்டர்கிட்ட இட்டுக்கினு போறேன்க்கா. கொஞ்ச நாளா சரியா துன்றதில்ல, தூங்கறதில்ல, யார்கிட்டயும் பேசறதில்ல."

"ஸ்கூல்ல ஏதாவது பிரச்சனையா?"

"சேச்சே! சாருங்க எல்லாம் தங்கம். வெளையாட்டு பீரியட்ல கூட வெயில்ல வுடாம, மரத்து நெழல்ல சேர் போட்டு உக்கார வெச்சிடுவாங்க."

அதுவரை தலை நிமிராமல் இருந்த பெண், "ஆன்ட்டி, உங்க செருப்பு வாரு பிஞ்சிக்கினு கீது" என்றாள்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான்.

"கோ-கோ ஆட போறப்ப எல்லாரும் செருப்ப என்கிட்டதான் வுட்டுட்டுப் போவாங்க. நான் பாத்துக்கணும். எது யாருதுன்னு பாத்தவொடனே சொல்லிடுவேன்."

"நீ ஆடினதே இல்லையா?"

"விசிலாவது ஊதறேன்னு கேட்டேன். 'பாவம், நீக்கெந்துக்கம்மா கஷ்டம், உனக்கெதுக்கும்மா'னு சார் சொல்ட்டாரு."

"அவ்ளோ பாசம் அந்த சாருக்கு" என்று அம்மா பூரித்துப் போனார்.

பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் மாத்திரை எழுதித் தருவார். விசில் எழுதித் தருவாரா, தெரியவில்லை.

உங்கள் வகுப்பில் செருப்புக்குக் காவல் இருந்தது யார்? பெயர் ஞாபகம் இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். நானும் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.