மேசைக்கும் குவியலுக்கும் நடுவே

அக்கா எங்களைப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. காரியத்துக்கு வந்த உறவினர்கள் பலர், "நடமாடிக்கிட்டுத்தான இருந்தாக, எப்படிப் படுக்கையில விழுந்தாக?" என்று கேட்டார்கள். அன்று யாருக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இந்த நினைவு மலரில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பண்ணைப்புரத்தில் பிறந்தார். மூன்று வயதில் போலியோ வந்து வலது கால் செயலிழந்தது. தொடை வரை இரும்புக் கம்பி பூட்டிய காலணியோடும் அக்குளில் ஒரு கட்டையோடும் பள்ளிக்கு நடந்து, பத்தாம் வகுப்பு தேறினார். அப்பா இறந்த பிறகு நாங்கள் போடிக்குக் குடிவந்தோம். அக்கா ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கப் போனார். நான் மதுரையில் ஒரு நாளிதழில் சேரும் வரை வீடு அக்காவின் கையில்தான் நடந்தது.

மலையிலிருந்து வரும் ஏலக்காயை ஸ்டோர் நடுவில் ஒரு படுதாவில் கொட்டுவார்கள். பெண்கள் அந்தக் குவியலைச் சுற்றித் தரையில் சம்மணமிட்டு, பச்சைக் காய், வெளுத்த காய், வெடித்த காய் என்று பிரிப்பார்கள். எடைக்குத்தான் கூலி. அக்காவின் விரல்கள் வேகமானவை. ஆனால் காலை மடக்க முடியாது. நீட்டித்தான் உட்கார வேண்டும்.

"ஏத்தா, அக்கா காலு பைபாஸ் ரோடு மாதிரி கெடக்கு. ஒரு டோல்கேட்ட போட்டுருவமா?" என்பார்கள் பக்கத்தில் இருப்பவர்கள்.

"போடு. மொதல்ல ஒங்கிட்டதான் வசூல் பண்ணுவேன். ஒரு நாளைக்கு நாலு தடவ தாண்டுறவ நீதான்" என்பார் அக்கா.

பதினோரு ஆண்டுகள் அப்படியே உட்கார்ந்தார். இடுப்பு மூட்டு தேயத் தொடங்கியது. இனித் தரையில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு மேசையும் ஸ்டூலும் வேண்டும் என்று அக்கா மேனேஜரிடம் மூன்று முறை கேட்டார்.

"ஒனக்கு மேசை போட்டா, நாளைக்கு எல்லாரும் இடுப்பப் புடிச்சுக்கிட்டு வந்து நிப்பாளுக. ஏலக்காய்க் கடையா, கலெக்டர் ஆபீஸா இது?" என்றார் அவர்.

அந்த வேலையை விட்டால் அக்காவுக்கு வேறு வேலை இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனுநாள். மனுவை எழுத என்னைக் கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முக்கால் பக்கம் வந்தது. அதில் ஒரு வாக்கியம்: "மேசையைக் குவியலுக்குப் பக்கத்தில் போட வேண்டும், காய் எடுக்க நான் எழுந்து நடக்கும்படி இருக்கக் கூடாது."

அந்த வாக்கியத்தை நான் அடித்தேன். கோரிக்கை ஒன்றாக இருந்தால்தான் அதிகாரி படிப்பார் என்றேன். மேசை வந்தால் குவியலுக்குப் பக்கத்தில்தானே போடுவார்கள், அதை வேறு எழுத வேண்டுமா என்றும் கேட்டேன். மற்றவர்கள் எழுதியதைச் சுருக்குவது என் தொழில். அக்கா தாளை வாங்கினார். "நீ படிச்சவன். சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். மீதியையும் நான் சுருக்கியிருந்தேன். மனு ஐந்து வரி.

மனுவின் நகலோடு ஸ்டோருக்கு உத்தரவு போய், மேசை வந்தது. வாசல் ஓரம், எடை மெஷினுக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து குவியலுக்கு நாற்பது எட்டு வைக்க வேண்டும்.

பின்னால் நடந்தவற்றை அக்காவோடு வேலை செய்த பேச்சியம்மாள் சொல்லித்தான் அறிந்தேன். அக்கா மேனேஜரிடம் போய், மேசையைக் குவியல் பக்கம் நகர்த்தச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் மனுவின் நகலை எடுத்து நீட்டியிருக்கிறார்.

"இதுல எங்கன இருக்கு குவியல் பக்கத்துலன்னு? படிச்சுக் காட்டு ஆத்தா."

அக்கா ஐந்து வரியையும் எல்லோர் முன்னிலையிலும் படித்தார். பெண்கள் சிரித்தார்கள். தானும் சிரித்ததாகப் பேச்சியம்மாள் ஒளிக்காமல் சொன்னார். காயைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் யாருக்கும் அனுமதி இல்லை, எடை கலந்துவிடுமாம். அதனால் ஒரு கையில் கட்டையும் மறு கையில் காய் அள்ளும் பேசினுமாக அக்கா ஒரு நாளைக்கு இருபது முறை நடந்தார். "கலெக்டரம்மா ரவுண்ட்ஸ் வாறாக, எந்திரிங்கடி" என்று குவியலிலிருந்து குரல் வரும். முன்பு பதிலுக்குப் பதில் கொடுத்த அக்கா, பேசினை நிரப்பிக்கொண்டு திரும்பி நடப்பார்.

மேசை வந்த எட்டாவது மாதம், தரையில் சிதறிக் கிடந்த காய்கள் மீது கட்டை ஊன்றி வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தும் அக்கா எழவில்லை. ஒன்பது மாதம் படுக்கை. முதுகில் புண் வந்தது, பிறகு நுரையீரலில் சளி கட்டியது.

படுத்திருந்தபோது ஒருநாள் அவரிடம், "அந்த வரிய எடுத்தது தப்புக்கா" என்றேன்.

"தெரியும்லே. மேனேஜர் முன்னாடி வாசிச்சப்பவே தெரியும்."

"அன்னைக்கே ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா இன்னொரு மனு எழுதுவ. அதையும் சுருக்குவ" என்றார். பிறகு முதுகைத் திருப்பிவிடச் சொன்னார். திருப்பிவிட்டேன்.

அக்காவை மருத்துவமனைக்கு ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டு ஆட்டோக்காரருக்கும், வீட்டுக்கே வந்து புண்ணுக்கு மருந்து கட்டிய நர்ஸ் அம்மாவுக்கும், ஞாயிறு தவறாமல் வந்து அக்காவுக்குத் தலை வாரிவிட்ட பேச்சியம்மாளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதி ஊர்வலத்தில் வந்த அனைவருக்கும் நன்றி.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் ஸ்டோர் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். அக்கா படத்துக்கு மாலை போட்டார். கிளம்பும்போது, "தம்பி, மலர் போடுறீகளாமே. நம்ம ஸ்டோர்ல மேசை போட்டுக் குடுத்ததையும் ஒரு வரி சேத்துருங்க. ஆபீஸ்ல இருந்து சொன்ன மறுவாரமே போட்டோம். கேட்டதுல எதையும் கொறைக்கல" என்றார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. மனுவில் கேட்டதை ஸ்டோர் நிர்வாகம் கேட்டபடியே கொடுத்தது. மனுவை எழுதியவன் என்ற முறையில் அந்த வரியை இங்கே சேர்த்திருக்கிறேன்.

தம்பி