பயிற்சிக்கு எழுதிக் கொடுத்த சம்பவம்

அந்தச் சம்பவக் குறிப்பை எழுதியது நான்தான். ஒன்றரைப் பக்கம். வன்முறைக்கு உள்ளான பெண்களிடம் வாக்குமூலம் பெறுவது எப்படி என்று பொலிசாருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர்களுக்கும் நடந்த மூன்று நாள் செயலமர்வுக்காக எழுதினேன். வெளிநாட்டு நிதி. ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்பதால் கல்முனையில் ஒரு வரவேற்பு மண்டபத்தை அவசரமாகப் பிடித்திருந்தார்கள். பத்திரிகை வேலையை விட்ட பிறகு இப்படியான கூட்டங்களில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்து வந்தேன்.

கொழும்பிலிருந்து வந்த இணைப்பாளருக்கு ஒரு கவலை. முந்திய பயிற்சியில் கொடுத்த உதாரணம் வெளிநாட்டில் தயாரானது. பனி கொட்டும் நகரத்தில், ஏழாம் மாடியில் ஒரு பெண் அடிவாங்குகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்கு அறிவிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குச் சொல்கிற இடத்தில், இங்கே யார் அப்படிச் செய்வார் என்று எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். இந்த முறை இந்தக் கரையில் நடக்கக்கூடிய ஒன்று வேண்டும் என்றார்.

அதைத் தந்தவர் ஒரு பெண் சார்ஜன்ட். திருக்கோவில் பக்கத்துத் தமிழ்ப் பெண். கரையோர நிலையம் ஒன்றில் பெண்கள், சிறுவர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வழக்குக் கோவை இருந்தது. நெசவு ஊரொன்றில் தறி நெய்யும் ஒரு முஸ்லிம் பெண். கணவன் பல வருடங்களாக அடித்து வந்தான். அவள் வாய் திறந்தது அதற்காக அல்ல. ஒரு நாள் அவன் தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை, நீளவாக்கில் ஓடும் இழை முழுவதையும், கத்தியால் குறுக்கே அறுத்துவிட்டான். பல சாரன்களுக்கான நூல் தரையில் குவிந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் வாக்குமூலம் கொடுத்தாள். சார்ஜன்ட் மாதக் கணக்கில் அவளோடு கதைத்துக் கதைத்துப் பெற்றது அது.

இப்போது அவள் வயல் ஊரான வரிப்பத்தான்சேனையில், தாயின் மூத்த சகோதரி வீட்டில் இருந்தாள். சகோதரிகள் இருவருக்கும் பல வருடமாகக் கதைபேச்சு இல்லை. அதனால் அங்கே யாரும் தேடமாட்டார்கள். பணிப்பெண்ணாக வெளிநாடு போய்விட்டாள் என்று தாய் ஊரில் சொல்லி வைத்திருந்தாள். நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கும் மனு தயாராகிக்கொண்டிருந்தது. அது தாக்கலாகும்வரை அவள் இருக்கும் இடம் கணவனுக்குத் தெரியக்கூடாது. வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

“பேர எடுத்துப்போட்டு எழுதுங்க நானா” என்றார் சார்ஜன்ட்; முஸ்லிமான என்னை அண்ணன் முறையில் அப்படித்தான் அழைப்பார். “நல்ல வாக்குமூலம் எப்பிடி இருக்கும் எண்டு நம்மட ஆக்கள் ஒருக்காப் பாக்கட்டும்.”

பெயரை எடுத்துவிட்டேன். ஊரை எடுத்தேன். வயதில் இரண்டைக் குறைத்தேன். பாவு அறுந்ததை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. ஒன்றரைப் பக்கத்தில் உயிருள்ள வரி அதுதான். செய்தி அனுப்பிய காலத்திலும் ஆசிரியர் பகுதி பெயர்களை வெட்டினால் பேசாமல் இருப்பேன். இப்படியான வரியை வெட்டினால் சண்டை பிடிப்பேன். ஆபத்தை மதிப்பிடுவது பற்றிப் பயிற்சியில் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்ததால், வயல் ஊரொன்றில், தாயோடு கோபமான பெரியம்மா வீட்டில் அவள் ஒளிந்திருக்கிறாள் என்பதையும் விட்டுவைத்தேன். சார்ஜன்ட் வாசித்துப் பார்த்துச் சரி என்றார். அவர் திருக்கோவில், நான் அக்கரைப்பற்று. ஒரு பாவு அறுபட்டால் அந்த நெசவு ஊரில் எத்தனை வீட்டுக்குத் தெரியவரும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதல் நாள் காலை ஒலிவாங்கியில் நானே அதை வாசித்தேன். மண்டபம் அமைதியாகக் கேட்டது. தேநீர் இடைவேளையில் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற கொன்ஸ்டபிள் ஒருவன் கூட்டாளியின் பக்கம் திரும்பினான்.

“டேய், இது எங்கட மச்சான்ட கேஸுடா. பாவ அறுத்த வேற ஆரு?”

“அப்ப ஒண்ட மச்சான்ட பொஞ்சாதி வெளிநாட்டுல இல்ல” என்றான் மற்றவன். “வயலுக்குள்ள கெடக்கா.”

இருவரும் சிரித்தார்கள். நான் போய் மறுத்தால் உறுதிப்படுத்தியது போலாகும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாக இப்போது எழுதுகிறேன். கட்லட் தட்டு கையில் இருந்தது, கட்லட்டைத் தின்று முடித்தேன் என்பதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். சார்ஜன்டிடமும் நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை அமர்வு இரகசியம் பேணுவது பற்றியது. பிரதம அதிதி நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் அதை அரை மணி நேரத்தில் முடித்தார்கள். ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்தேன். பிறகு சான்றிதழ். பெயர்களை வாசித்ததும் நான்தான். அந்தக் கொன்ஸ்டபிள் வந்து, சலூட் அடித்து, படத்துக்கு நின்று, இறங்கிப் போனான்.

சாப்பாட்டுப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தபோது சார்ஜன்டின் தொலைபேசி அடித்தது. வெளியே போய்க் கதைத்துவிட்டு வந்தார்.

“அவளக் கொண்டு போயிட்டாங்க நானா.”

முந்திய நாள் பகல் கணவன் இரண்டு பேரோடு ஓட்டோவில் வரிப்பத்தான்சேனைக்குப் போயிருக்கிறான். பெரியம்மா பயத்தில் ஒரு நாள் கழித்தே அறிவித்திருந்தாள். அப்போதுதான் தேநீர் வரிசையில் கேட்டதை நான் சார்ஜன்டுக்குச் சொன்னேன். அவர் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

மறுநாள் கணவனின் வீட்டுக்குப் போனோம். சார்ஜன்ட், தான் சிங்களத்தில் எழுதும் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக்காட்ட ஒருவர் வேண்டும் என்று என்னை அழைத்தார். அவருக்கே அது முடியும். தனியாகப் போக விருப்பமில்லை.

கணவன் இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டு, மரியாதையாக உட்காரச் சொன்னான். அவள் உள்வாசல் திரைச்சீலையருகில் நின்றாள். முக்காடு இடது கன்னத்தை முழுதாக மறைத்திருந்தது. உதட்டோரம் வீங்கியிருந்தது.

“நான் விரும்பித்தான் வந்த. எனக்கு வழக்கு வாணாம். அப்பிடியே எழுதுங்க.”

சார்ஜன்ட் எழுதினார். கணவன் சோடா வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனான். அவன் வாசல் படலையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“பெரியும்மாட ஊட்டுல நான் இருக்கன் எண்டு இவருக்கு ஆரு சென்ன?”

சார்ஜன்ட் பேனையை மூடினார்.

“பிழை என்னிலதான் தங்கச்சி. என்னாலதான் வெளிய போன.”

“ஒங்கள நம்பித்தானே நான் வாயத் தொறந்த.”

அவள் என்னையும் ஒரு தடவை பார்த்தாள். பொலிசில் எழுதுகிற ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவன் சோடாவோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். நான் தமிழில் வாசித்தேன். யாருடைய பயமுறுத்தலும் வற்புறுத்தலும் இன்றி, சுயவிருப்பத்தின் பேரில் முறைப்பாட்டை வாபஸ் பெறுகிறேன் என்ற இடம் வந்ததும், அதை இன்னொருக்கா வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு கையெழுத்து வைத்தாள்.