தொலைந்த நாயும் தேய்த்த சட்டையும்

ஜெராக்ஸக்காவுக்கு நாய் என்றாலே ஆகாது. அவளுடைய ஜெராக்ஸ் கடை வாசலில் ஒன்று படுத்துவிட்டால் துடைப்பத்தோடு வெளியே வருகிற ஆள் அவள். அவளை இந்த வேலைக்குள் இழுத்துவிட்டது நாய்ப் பாசம் இல்லை, மோசமான நோட்டீஸ். நாயைத் தொலைத்தவர்கள் முதலில் ஓடி வருவது அவள் கடைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு தாளை நீட்டுவார்கள். 'எங்கள் செல்லத்தைக் காணவில்லை. மிகவும் அன்பானது. எங்கள் உயிர்.' அவ்வளவுதான். நாய் கறுப்பா வெளுப்பா, குட்டியா கிழமா, அதைப் பற்றி மூச்சே விட்டிருக்க மாட்டார்கள்.

"அன்பை வெச்சு எப்படிங்க அடையாளம் கண்டுபிடிக்கறது? கழுத்துப் பட்டை என்ன கலரு, அதைச் சொல்லுங்க" என்று அதட்டி, அவளே திருத்தி அடித்துக் கொடுப்பாள். திருத்திய நோட்டீஸைப் பார்த்து ஒரு நாய் வீடு திரும்பியது. பிறகு இன்னொன்று. அந்த ருசி அவளை விடவில்லை. பால் போடுகிறவர், பள்ளி வேன் டிரைவர், மருந்துக் கடைப் பெண் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. சம்பளம் கிடையாது, சங்கம் கிடையாது. போனில் ஒரு குரூப், அவ்வளவே. "ஊர்ல ஒரு நாய் தொலைஞ்சா நம்ம வீட்டுல சோறு தொலைஞ்சுடுது" என்று அவள் கணவர் முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே குக்கரை அடுப்பில் ஏற்றுவார். நல்ல மனுஷன்.

கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. தொலைந்த நாயைக் கண்டால் கூப்பிடக் கூடாது, துரத்தவே கூடாது. மிரண்ட நாய்க்குச் சொந்தக்காரர் குரல்கூட விரட்டுகிற மாதிரிதான் கேட்கும். அது கடைசியாகத் தென்பட்ட இடத்தில் கொஞ்சம் சாப்பாடும், வீட்டு ஆள் உடுத்திக் கழற்றிய துணி ஒன்றும் வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். பழகிய வாசனை அதை அங்கேயே உட்கார வைத்துவிடும். அப்புறம் வீட்டு ஆள் வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். மிச்சத்தை நாய் பார்த்துக்கொள்ளும்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் லாண்டரிக்காரர் வந்து சேர்ந்தார். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தாள். போகும்போது ஒரே ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள்: நாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்கு எதிரே லாரி டயர் ஒன்று வெடிக்க, இஸ்திரி மேசைக்கடியில் படுத்திருந்த நாய் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடியது. ஓடியதுதான்.

"அவளுக்கு மட்டும் தெரியவே கூடாதும்மா. பச்சப் புள்ளக்காரி பக்கத்துல இருந்துக்கிட்டு அழுதுக்கிட்டு நிப்பா. நோட்டீஸ்ல என் நம்பர் போடாத, உன் நம்பரைப் போடு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஜெராக்ஸ் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதார்.

அன்று சாயங்காலமே ஜெராக்ஸக்காவின் போன் அடித்தது. லாண்டரிக்காரரின் மனைவி! யாரோ சொந்தக்காரர்கள் நோட்டீஸை அவளுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். "ஏம்மா, எனக்குத் தெரியும்னு அவருக்கு மட்டும் சொல்லிடாத. ஏற்கெனவே பாதி உயிரா இருப்பாரு. எங்கிட்ட மறைக்கறதுலயாவது அவருக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கட்டும்" என்றாள். ஜெராக்ஸக்காவுக்குத் தலை சுற்றியது. இந்தப் பக்கம் ஒரு ரகசியம், அந்தப் பக்கம் ஒரு ரகசியம், நடுவில் இவள். அன்றிலிருந்து தினமும் நடந்ததை ஒன்று விடாமல் அந்தம்மாவுக்குப் போனில் ஒப்பிப்பது இவள் வேலையாயிற்று.

மரக்கடைக்குப் பின்னால், அடுக்கிய கட்டைகளுக்கு நடுவே நாய் பதுங்கியிருப்பதைப் பால்காரர் கண்டுபிடித்தார். ஆள் அரவம் கேட்டாலே ஓடியது. அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. ஒரு முறை தவறி ஏறிவிட்டால் கதை முடிந்தது. ஜெராக்ஸக்கா லாண்டரிக்காரரிடம் உடுத்திய சட்டை ஒன்று கேட்டாள். பையில் போட்டுக் கொடுத்தார். அவள் அப்படியே கொண்டுபோய்க் கட்டைச் சந்தில் திணித்துவிட்டு வந்தாள்.

நாய் வந்தது. சோற்றைத் தின்றது. சட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் முறை நெடுஞ்சாலை ஓரம் வரை போய் நின்றதைப் பார்த்து வேன் டிரைவர் உடனே குரூப்பில் சொல்லி எல்லோரையும் மரக்கடைக்கு வரவழைத்தார்.

ஜெராக்ஸக்கா சட்டையை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். கை மடிப்பு கத்தி மாதிரி நின்றது. மோந்தாள். சோப்பு வாசனை.

"அண்ணே, இதைத் துவைச்சீங்களா?" என்று, அங்கே வந்து நின்ற லாண்டரிக்காரரிடம் கேட்டாள்.

"துவைச்சு, கஞ்சி போட்டு, தேய்ச்சுதாம்மா குடுத்தேன்."

"உடுத்துன துணியில்ல கேட்டேன்!"

"உடுத்துனதுதான். அதை அப்படியே அழுக்கா ஒரு பொம்பள கையில எப்படிக் குடுக்கறது? என் கடை மானம் என்னாவறது?"

"நாய் என்ன உங்க வாடிக்கையாளரா? மடிப்பு சரியில்லைன்னு திருப்பிக் குடுக்கப்போகுதா?" என்று பொரிந்து தள்ளினாள். கோபம் வந்த வேகத்தில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது. தப்பு அவள் மேலும்தான். வெளுத்துப் பிழைக்கிறவரிடம் அழுக்குத் துணி கேட்டால் அவர் கை சும்மா இருக்குமா? "உடம்புல கிடக்கறதைக் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றாள்.

இஸ்திரிச் சூட்டில் நாளெல்லாம் நனைந்து காய்ந்த பனியனை அவர் கூச்சத்தோடு கழற்றிக் கட்டை ஓரம் வைத்தார். சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு, சற்றுத் தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கூட்டம் மொத்தமும் மரக்கடைச் சுவருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நாய் தலையை நீட்டியது. பனியனை மோந்தது. மூக்கை அதற்குள் புதைத்துக்கொண்டு அப்படியே படுத்தது. பிறகு எழுந்து, மெதுவாக வந்து, அவர் அக்குளுக்குள் தலையை நுழைத்தது. அவர் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. சுவருக்குப் பின்னால் பால்காரர் மூக்கை உறிஞ்சினார்.

நாயை இறுக்கிப் பிடித்தபடியே அவர் கேட்டார்: "அவளுக்கு ஒரு போன் போட்டுக் குடும்மா. என்னால இனிமே பொய் சொல்ல முடியாது."

இரண்டு கையும் நாயின் மேல் இருந்ததால் ஜெராக்ஸக்கா ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டாள். "நான் உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். நம்ம நாய் தொலைஞ்சு போச்சு. இப்ப கிடைச்சிடுச்சு" என்றார் அவர்.

"அய்யய்யோ! என்னங்க சொல்றீங்க? எப்போ?" என்று அலறினாள் மனைவி. ஜெராக்ஸக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன நடிப்பு!

அவர் லாரி டயரிலிருந்து ஆரம்பித்தார். "அப்புறம்?" என்றாள் அவள். மரக்கடை வந்தது. "அப்படியா!" என்றாள். சட்டையைத் துவைத்ததைச் சொன்னபோது மட்டும் நிஜமாகவே விழுந்து விழுந்து சிரித்தாள்; அந்தச் சங்கதி அதுவரை அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

"நாய் போன அன்னிக்கு அழுதீங்களா?" என்று கேட்டாள்.

"சேச்சே! நான் எதுக்கு அழறேன்?"

ஜெராக்ஸ் மெஷின் மேல் அவர் அழுத அழுகையை ஜெராக்ஸக்கா சொல்லி அன்றைக்கே தெரிந்துவைத்திருந்தாள் அவள்.

"அதானே, நீங்க எங்க அழப்போறீங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது.